குற்றச்சாட்டு பதிவாகும் நாள்

போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகும், நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்ய ஏன் மாதக்கணக்கில், சில வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது? 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியைக் கேட்டது. பிகாரிலிருந்து வந்த ஜாமீன் வழக்கு ஒன்றை விசாரித்த நீதிபதிகள் அரவிந்த் குமார், என்.வி.அஞ்சாரியா அமர்வு, இந்தத் தாமதத்துக்கு முடிவு கட்ட நாடு முழுமைக்கும் பொதுவான வழிகாட்டுதல் தேவைப்படலாம் என்று கருதி, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரின் உதவியை நாடியது. டெல்லியில் எழுந்த கேள்விதான். ஆனால் தேனி லட்சுமிபுரத்து நீதிமன்ற வளாகத்திலும் உத்தமபாளையம் நீதிமன்ற வாசலிலும் வாய்தாவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்போடு ஒட்டிய கேள்வி.

போலீஸ் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகையே வழக்கின் முடிவான குற்றச்சாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். செய்தித்தாள்களும் பல நேரம் இரண்டையும் குழப்பிவிடுகின்றன. குற்றப்பத்திரிகை காவல் துறையின் முடிவு, அவ்வளவுதான். அதைப் படித்து, அரசு வழக்கறிஞரையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரையும் கேட்டு, ‘இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னாருக்கு இன்னது செய்தீர்; அது இன்ன பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்’ என்று நீதிபதி எழுதுவதுதான் சட்டத்தின் கண்ணில் குற்றச்சாட்டு. முகாந்திரம் இல்லையென்றால் அந்த இடத்திலேயே குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சாட்சி விசாரணை இதற்குப் பிறகுதான் தொடங்கும்.

மூன்று நிமிடச் சடங்கு

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதை எந்தக் கீழமை நீதிமன்றத்திலும் காலை நேரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பெயர் கூப்பிடுகிறார்கள். கூண்டில் ஏறுகிறவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். தட்டச்சு செய்த தாள் வாசிக்கப்படுகிறது. மின்விசிறிச் சத்தத்திலும் வாசல் கூச்சலிலும் பாதி காதில் விழுவதில்லை. ‘சொன்னது விளங்கியதா? குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லைங்கய்யா’ என்கிறார். வெளியே நிற்கும்போதே, ‘கேட்டா இல்லைன்னு மட்டும் சொல்லு’ என்று வழக்கறிஞர் சொல்லி வைத்திருப்பார். கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொண்டு சாட்சி விசாரணைக்குத் தேதி போடுகிறார்கள். மூன்று நிமிடத்தில் முடிகிறது.

அந்தத் தாளில் எழுதியதற்குத்தான் அடுத்த பல ஆண்டுகள் அவர் பதில் சொல்ல வேண்டும். தன் மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்று வீட்டில் கேட்டால், பிரிவு எண்ணைத் தாண்டி எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பிரிவு எண் சின்ன சமாச்சாரமும் இல்லை. ஊர்த் திருவிழாவில் வாய்த்தகராறு முற்றி ஒருவர் அரிவாளால் வெட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆறு தையல். இதை ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தது என்று எழுதினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) பிரிவு. அதிகபட்சம் மூன்று ஆண்டு. எலும்பு முறிந்த கொடுங்காயம் என்றால் 118(2). குறைந்தது ஓராண்டு, ஆயுள் வரையும் போகலாம். கொல்லும் நோக்கத்தோடு வெட்டினார் என்றால் 109. காயமும் பட்டிருப்பதால் ஆயுள் தண்டனைக்கே இடமுண்டு, வழக்கும் அமர்வு நீதிமன்றத்துக்குப் போய்விடும். பழைய சட்டத்தில் ‘முன்னூத்தி ஏழு’ என்று தேனி டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த பிரிவு அது.

வெட்டு ஒன்றுதான். நோக்கம் என்ன என்பதற்கு, காயம் எங்கே, எத்தனை ஆழம், எத்தனை வெட்டு, வெட்டும்போது என்ன சொன்னார் என்பவையே ஆதாரம். காயச் சான்றிதழையும் முதல் தகவல் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நாள், குற்றச்சாட்டு பதிவாகும் நாள்தான். அன்று யாரும் படிக்காமல் போலீஸ் எழுதிய பிரிவையே அப்படியே எடுத்து எழுதினால், ஆறு தையலுக்கு ஒருவர் கொலை முயற்சி வழக்கைச் சுமப்பார். இதற்கு நேர்மாறாக, சாகக் கிடந்தவரின் வழக்கு சாதாரண அடிதடியாகச் சுருங்கிவிடும். இரண்டுமே அநியாயம்.

கிலோ கணக்கில் மாறும் தலையெழுத்து

கம்பம் பள்ளத்தாக்கில் இதைவிடக் கூர்மையாகத் தெரிவது கஞ்சா வழக்குகளில். ஆந்திரத்திலிருந்து வந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படும் சரக்கு இங்கே அடிக்கடி பிடிபடுகிறது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டு தண்டனை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு, 20 ஆண்டு வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நடுவில் உள்ளவற்றுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவு என்று எழுதிவிட்டால் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் போலீசுக்கு 180 நாள் கிடைக்கும்.

ஆகவே 19 கிலோவா, 21 கிலோவா என்பது ஒருவரின் பத்தாண்டு வாழ்க்கை. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்தக் கணக்கில் வராது. சாக்கில் நுனி எவ்வளவு, தனி இலையும் விதையும் எவ்வளவு, எடை போட்டபோது சாக்கின் எடை கழிக்கப்பட்டதா, மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா? குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே அரசு வழக்கறிஞர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. கேட்காவிட்டால் பத்தாண்டு கழித்து மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு கேட்கும். உண்மையான கடத்தல்காரரும் அந்த ஓட்டை வழியே வெளியே போவார். கூலிக்கு மூட்டை தூக்கியவர் அதற்குள் தண்டனையைப் பாதி கழித்திருப்பார்.

கம்பத்தில் பிடிபட்ட பல வழக்குகள் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ‘இன்று குற்றச்சாட்டு பதிவு இல்லை, அடுத்த வாய்தா’ என்ற ஒரு வரியைக் கேட்க ஒரு குடும்பம் முழு நாளையும் பேருந்துச் செலவையும் கொடுக்கிறது.

கடிகாரம் நிற்கும் இடம்

இங்கேதான் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கைதானவர் மீது 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடும். அதற்குப் பயந்தே பல காவல் நிலையங்களில் 89ஆம் நாள் இரவில் விளக்கு எரிகிறது. குற்றப்பத்திரிகை வந்தவுடன் அந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு நீதிமன்றம் எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம்?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குக் கெடுவே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா கெடு விதித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரானதிலிருந்து 14 நாளில் ஆவண நகல்கள் தர வேண்டும். அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய வழக்கை 90 நாளில் அனுப்ப வேண்டும். காரணம் எழுதி 180 நாள் வரை நீட்டலாம். விடுவிப்பு மனு போடுவதானால் 60 நாளுக்குள் போட வேண்டும். குற்றச்சாட்டு குறித்த முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளில் குற்றச்சாட்டு பதிவாக வேண்டும்.

தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் விசாரணை நாள் எது என்று யார் குறிப்பது? நகல் தரவில்லை, ஒரு எதிரி ஆஜராகவில்லை, சிறையிலிருந்து அழைத்துவர வழிக்காவல் இல்லை என்று அந்த முதல் நாளே தள்ளிக்கொண்டு போனால் 60 என்ற எண் தொடங்கவே தொடங்காது. தொடங்கி, தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சட்டத்தில் பதில் இல்லை. போலீஸ் தாமதித்தால் ஜாமீன். நீதிமன்றம் தாமதித்தால் இன்னொரு வாய்தா.

பள்ளத்தாக்கில் இந்தத் தாமதத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. கூடலூர், கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலிக்காரர்கள் ஏராளம். ஒரே அடிதடி வழக்கில் ஆறு பேர் எதிரிகள் என்றால், ஒருவர் வண்டன்மேட்டில் இருப்பார், இன்னொருவர் திருப்பூர் போயிருப்பார். ஒருவர் வராததற்காக ஐந்து பேர் வந்து திரும்புகிறார்கள். வராதவருக்குப் பிடிவாரண்ட். அடுத்த வாய்தாவில் அவர் வந்தால் வேறொருவர் இல்லை. வராதவரின் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டு மற்றவர்கள் மீது குற்றச்சாட்டு பதிவு செய்ய நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அதைக் காலத்தோடு செய்யாமல் இருப்பதுதான் சிக்கல்.

எழுதாமல் விட்டால்...

குற்றச்சாட்டு பதிவாகாமல் இருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. அரசு ஒரு வழக்கைத் திரும்பப் பெறும்போது, அதற்குமுன் குற்றச்சாட்டு பதிவாகியிருந்தால் எதிரி ‘விடுதலை’ ஆகிறார். மறுபடி அதே குற்றத்துக்கு அவரை விசாரிக்க முடியாது. பதிவாகவில்லையென்றால் அவர் ‘விடுவிக்கப்படுகிறார்’. அந்தக் கதவு முழுதாக மூடுவதில்லை.

பெரியகுளத்துக்காரரான முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மீதான வழக்கு, இந்தக் கதவு எவ்வளவு காலம் ஒருக்களித்து நிற்கும் என்பதைக் காட்டுகிறது. 2001 முதல் 2006 வரை பதவியில் இருந்த காலத்தில் வருமானத்துக்கு மீறி 1.77 கோடி ரூபாய் சொத்து சேர்த்ததாக 2006இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. தேனியில் தொடங்கி சிவகங்கைக்கு மாற்றப்பட்ட அந்த வழக்கை அரசு திரும்பப் பெற, 2012 டிசம்பரில் சிவகங்கை நீதிமன்றம் அனுமதி அளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து அதை மறுஆய்வுக்கு எடுத்தார். 2024 அக்டோபர் 29 அன்று சிவகங்கை உத்தரவை ரத்து செய்து, மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

வழக்கின் தன்மை குறித்து இங்கே எதுவும் சொல்வதற்கில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் வழக்கு பதிவாகிப் பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு ‘குற்றச்சாட்டு பதிவு செய்யுங்கள்’ என்று உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. இது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நல்லதல்ல, வாக்களித்த மக்களுக்கும் நல்லதல்ல. நிரபராதி என்றால் அதை நிரூபிக்க அவருக்கு மேடை கிடைக்கவில்லை. குற்றம் நடந்திருந்தால் அரசுக்குப் பதில் கிடைக்கவில்லை.

சுருளி வழக்கு சொன்னது

2011 மே மாதம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. கொலையும், அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான செய்தியும் பள்ளத்தாக்கையே உலுக்கின. அருவிக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப ஊரே யோசித்த காலம் அது. பின்னர் கைதான ஒருவருக்கு 2018 மார்ச்சில் தேனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய அமர்வு அவரை விடுதலை செய்தது.

காரணம்? சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி முழுமையாகவில்லை. அந்த ஜோடியோடு எதிரியைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மரபணுச் சோதனைக்கான மாதிரிகள் எடுக்கப்பட்ட நாளிலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும் வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. மாதிரி கெட்டுப்போயிருக்கவோ கலந்துபோயிருக்கவோ வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாத நிலையில், அதை நம்பி ஒருவரைத் தூக்கிலிட முடியாது என்றது நீதிமன்றம்.

இனி எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டியதையும் அதே தீர்ப்பு வகுத்தது. மாதிரி எடுக்கும்போதே வழக்கு எண், காவல் நிலையம், அதிகாரி பெயர் குறித்து, மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு பதிவேடு வழக்கு முடியும் வரை இருக்க வேண்டும். தவறாகச் சிறையில் வைக்கப்படுபவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் குறித்தும் நீதிபதிகள் பேசினார்கள். அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று விட்டுவிட்டார்கள்.

மரண தண்டனைக் கைதியாக ஏழாண்டு கழித்தவர் வெளியே வந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்குப் பதினான்கு ஆண்டு கழித்தும் ‘யார் செய்தது’ என்பதற்குப் பதில் இல்லை.

குற்றச்சாட்டு பதிவு செய்யும் கட்டத்தில் நீதிபதி சாட்சியத்தை எடைபோட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது நிலைபெற்ற விதி. முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம். அது சரியே. ஆனால் மாதிரியின் பயணக் குறிப்பு கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க எடைபோடத் தேவையில்லை. பக்கத்தைப் புரட்டினால் போதும். அந்த நாளில் ஓட்டை தெரிந்தால் அரசுத் தரப்பு திருத்திக்கொள்ள ஓரளவுக்கு அவகாசம் இருக்கும். பதினான்காம் ஆண்டில் தெரிந்தால் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

பிழை எப்போது மன்னிக்கப்படும்?

குற்றச்சாட்டில் எழுத்துப் பிழை இருந்தாலே வழக்கு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது உண்மையில்லை. ஜபல்பூரில் ஹாக்கி மட்டையால் அடிபட்டு ஒருவர் இறந்த வழக்கில், 1955இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு விடை சொன்னது. பிழையால் எதிரி உண்மையில் ஏமாந்து, தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாமல் போயிருந்தால்தான் விசாரணை கெடும். தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் திருத்தலாம்; திருத்தினால் சாட்சிகளை மறுபடி கூப்பிட இரு தரப்புக்கும் வாய்ப்புத் தர வேண்டும்.

ஆனால் எல்லை உண்டு. ஹரியானா வழக்கு ஒன்றில் ஒரு பெண்ணுக்கு எதிரான குற்றமென்று குற்றச்சாட்டில் எழுதிவிட்டு, சாட்சியமெல்லாம் அதே வீட்டின் வேறொரு பெண்ணைப் பற்றி வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஒரு பெயரைச் சரிபார்க்காததால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

என்ன செய்யலாம்?

இன்னொரு சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவை பல. நகல் கொடுக்கும் நாளிலேயே குற்றச்சாட்டு விசாரணைக்கான முதல் தேதியைக் குறித்து, 60ஆம் நாள் எது என்பதையும் வழக்குக் கட்டின் மேலட்டையில் எழுதிவிடலாம். உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்ய முடியும். எதிரியின் தவறில்லாமல் அந்த நாள் கடந்தால், ஜாமீன் கேட்கும் மனுவில் அதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தன் வழிகாட்டுதலில் சொன்னால் கெடுவுக்குப் பல் முளைக்கும்.

குற்றச்சாட்டை நீதிமன்ற மொழியில் எழுத வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் எழுதி, ஒரு பிரதியை எதிரியின் கையிலும் ஒரு பிரதியைப் பாதிக்கப்பட்டவர் கையிலும் கொடுப்பதற்கு ஆகும் செலவு இரண்டு தாள். சிறையில் இருப்பவருக்குக் காணொலி வழியே குற்றச்சாட்டைப் படித்துக் காட்டப் புதிய சட்டம் அனுமதிக்கிறது. வழிக்காவல் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. ஆனால் அந்தத் திரைக்கு முன் அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞரைச் சாட்சி விசாரணைக்குப் போதும் என்று நினைக்காமல், விடுவிப்பு மனு போட வாய்ப்பிருக்கும்போதே நியமிக்க வேண்டும்.

மரபணு, கஞ்சா, போக்சோ வழக்குகளில் அரசு வழக்கறிஞர் ஒரு சரிபார்ப்புத் தாளில் கையெழுத்திட்ட பிறகே குற்றச்சாட்டுக்கு வாதிட வேண்டும் என்ற பழக்கத்தைத் தேனி மாவட்டமே முதலில் தொடங்கலாம். நாட்டுக்கே அந்தப் பாடத்தைக் கொடுத்தது சுருளி வழக்குதான். குற்றச்சாட்டு பதிவாகாமல் ஓராண்டு தாண்டிய வழக்குகள் எத்தனை என்று மாவட்ட நீதிமன்றம் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

வழக்கில் சிக்கியவர்களும், வழக்குக் கொடுத்தவர்களும் செய்யக்கூடியதும் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கைப்பேசியிலேயே தெரியும். குற்றச்சாட்டு பதிவு என்ற கட்டத்திலேயே பல வாய்தாக்களாக நின்றால் வழக்கறிஞரிடம் காரணம் கேளுங்கள். பதிவானால் நகல் கேட்டு வாங்கிப் படியுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண்: 15100.